கொம்புக்குள் கழுதை: கிரிப்டிக் குறிப்பை எங்கே வெட்டுவது?

கொம்புக்குள் கழுதை வயிறு சிக்கிய துறைமுக நகரம் (4)

வாசித்த உடனே மனம் படம் போடத் தொடங்கிவிடும். ஒரு கழுதை, அதன் வயிற்றில் ஏறிய கொம்பு, பின்னால் கப்பல்கள். அந்தப் படத்தை அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் குறிப்பில் கழுதையும் இல்லை, கொம்பும் இல்லை. எழுத்துகள்தான் இருக்கின்றன. ‘கழுதை’ என்ற சொல்லின் வயிறு, அதாவது நடு எழுத்து, ழு. அதை ‘கொம்பு’ என்ற சொல்லுக்குள் செருகினால் கொ, ழு, ம், பு. நான்கு எழுத்தும் சரி, துறைமுக நகரமும் சரி.

ஞாயிறுப் பத்திரிகைகளில் வரும் வழக்கமான குறுக்கெழுத்துப் போட்டியில் ‘இலங்கையின் துறைமுக நகரம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். கொழும்பா, காலியா, திருகோணமலையா என்று கட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியும் முடிவாகாவிட்டால், மேலிருந்து கீழ் வரும் சொல் விழும்வரை காத்திருக்க வேண்டும். கிரிப்டிக் என்ற சொல்விளையாட்டுக் குறுக்கெழுத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு குறிப்பும் விடையை இரண்டு தடவை தருகிறது. ஒரு பாதி பொருளைச் சொல்கிறது. மற்றப் பாதி எழுத்துகளை எப்படிக் கூட்டுவது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டினால் விடை உறுதி. யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கிரிப்டிக் கஷ்டம் என்று ஒதுங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த வசதியைத்தான்.

பொருள் பாதி குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்கவே இருக்காது. இது ஆங்கிலப் புதிர்களிலிருந்து வந்த ஒழுங்கு. 1913 டிசம்பர் 21இல் நியூயோர்க் வேர்ள்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் கட்டத்தில் நேரடிக் கேள்விகள்தான் இருந்தன. சொல்லைப் பிய்த்து விளையாடும் முறை லண்டனில் அதற்குப் பிறகு முற்றியது. லண்டன் டைம்ஸ் தன் முதல் குறுக்கெழுத்தை 1930 பெப்ரவரி 1இல் வெளியிட்டது. ஒப்சேர்வர் பத்திரிகையில் புதிர் போட்டவர் டோர்க்கமாடா என்ற ஸ்பானிய மதவிசாரணைத் தலைவரின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. அவர்களில் ஒருவரான அஸெட்டின் பெயர், டேசா என்ற விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் பின்னிருந்து எழுதியது. பெயரே ஒரு குறிப்பு!

ஆனால் இந்த விளையாட்டை வெள்ளைக்காரன்தான் நமக்குக் கொண்டுவந்து தந்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ‘எட்டேகால் லட்சணமே’ என்று தொடங்கும். தமிழ் எண்ணில் எட்டுக்கு அடையாளம் ‘அ’, காலுக்கு ‘வ’. எட்டும் காலும் சேர்ந்தால் ‘அவ’. ஆக அவலட்சணமே! அடுத்து வரும் ‘எமனேறும் பரி’ எருமை, ‘கூரையில்லா வீடு’ குட்டிச்சுவர். ஒரே பாட்டில் எழுத்துக்கூட்டலும் சுற்றிவளைத்த விளக்கமும் இருக்கின்றன. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், எழுத்தை வைத்து விளையாடும் சித்திரகவிகளை வரிசைப்படுத்தும்போது எழுத்து வருத்தனம், மாலைமாற்று, வினாவுத்தரம், காதைகரப்பு, அக்கரச்சுதகம் என்று பெயர் வைத்திருக்கிறது. முறையே எழுத்தைக் கூட்டுவது, பின்னிருந்து வாசித்தாலும் மாறாதது, துண்டு துண்டாக விடை சொல்லிச் சேர்ப்பது, ஒன்றுக்குள் ஒன்றை ஒளிப்பது, எழுத்தைக் கழிப்பது. கிரிப்டிக் புதிரின் ஆயுதப்பெட்டியில் முக்கால்வாசி இங்கேயே இருக்கிறது.

சரி, வெட்டுவது எப்படி? தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் நமக்கு ஒரு உதவி கிடைக்கிறது. எழுத்துப் பாதிக்கும் பொருள் பாதிக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு எச்சம் நிற்கும். ‘சிக்கிய நகரம்’, ‘பிறக்கும் ஊர்’ என்று பெயரெச்சமாக வரலாம். ‘சேர்ந்தால்’, ‘திரும்பினால்’, ‘நசுங்கியதும்’ என்றும் வரலாம். அந்த எச்சத்துக்கு அடுத்த இடத்தில் கத்தியை வையுங்கள். கழுதைக் குறிப்பில் ‘சிக்கிய’ என்ற சொல்லோடு எழுத்துப் பாதி முடிகிறது, ‘துறைமுக நகரம்’ தனியே நிற்கிறது.

நகரம் குழம்பினால் பாவிகள் போகும் இடம் (4)

இதில் இரண்டு எச்சங்கள். ‘போகும்’ என்ற இடத்தில் வெட்டினால் ‘இடம்’ மட்டும் பொருளாக மிஞ்சும். ‘நகரம் குழம்பினால் பாவிகள் போகும்’ என்பதற்கு எழுத்தளவில் அர்த்தமில்லை. ‘குழம்பினால்’ என்ற இடத்தில் வெட்டிப் பாருங்கள். ந, க, ர, ம் என்ற நான்கையும் கலைத்து அடுக்கினால் ந, ர, க, ம். நரகம். மாலை ஐந்தரைக்கு கொழும்பு காலி வீதியில் பஸ்ஸில் நிற்பவர்களுக்கு இந்தக் குறிப்பை விளக்கத் தேவையிருக்காது.

‘குழம்பினால்’ போன்றவற்றைச் சைகைச் சொல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் சொல்லை என்ன செய்ய வேண்டும் என்று அது காட்டுகிறது. கலைக்கச் சொல்பவை ஏராளம்: நசுங்கி, உடைந்து, சிதறி, தள்ளாடி, வெறியில், கோணலாக, கலவரத்தில், பிழையாக. நிலைகுலைவைக் குறிக்கும் எந்தச் சொல்லும் இந்த வேலைக்கு வரலாம். அதனால் பட்டியலை மனப்பாடம் செய்து பிரயோசனமில்லை. எண்ணிப் பார்ப்பதே மேல். அடைப்பில் (4) என்று இருந்து, சைகைக்குப் பக்கத்தில் சரியாக நான்கு எழுத்துச் சொல் ஒன்று நின்றால் அதைத்தான் கலைக்க வேண்டும் என்று சந்தேகப்படலாம்.

கலைத்து அடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லா வரிசையையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்து எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று இலக்கணம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கலைக்கும் எழுத்துகளில் அ, ஆ, இ போன்ற உயிர் இருந்தால் அது விடையின் முதல் எழுத்து. அளபெடையை விட்டால் தமிழ்ச்சொல்லின் நடுவில் உயிர் தனியே நிற்பதில்லை. மெய்யெழுத்து முதலில் வராது. க், ச், த், ப் ஆகியவை தங்கள் இனத்தோடு மட்டுமே சேரும், சொல்லின் கடைசியிலும் நிற்காது. ங் இருந்தால் அடுத்தது க வரிசை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன முதலில் வருமானால் அது பெரும்பாலும் ரேடியோ, லொறி, டயர் மாதிரி இரவல் சொல். ‘நகரம்’ என்பதில் ம் கடைசிக்குப் போய்விடும், ர முதலில் நிற்காது. மிஞ்சுவது நான்கே வரிசை, அதிலும் ஒன்று குறிப்பிலேயே இருக்கும் ‘நகரம்’.

ஒரு சொல்லை எழுத்தாகப் பார்ப்பதா, பொருளாகப் பார்ப்பதா என்பதுதான் அடுத்த தடுமாற்றம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

பசுவோடு மனைவியும் வந்தால் அத்தாட்சி (4)

மனைவி தலையில் தகரம் நசுங்கியதும் விலையுயர்ந்த பச்சைக்கல் (5)

முதலாவதில் மனைவி பொருளாக நிற்கிறாள். பசு என்றால் ஆ, மனைவி என்றால் தாரம், ஆதாரம். இரண்டாவதில் மனைவிக்குப் பொருளே இல்லை, தலை மட்டும்தான் வேண்டும்: ம. அதற்குப் பின்னால் ‘தகரம்’ நசுங்கி ‘ரகதம்’ ஆகிறது, மரகதம். தலை, இடை, கால், வால், இதயம் போன்ற உடலுறுப்புச் சொல் பக்கத்தில் இருந்தால் எழுத்தாகப் பாருங்கள். தனியே நின்றால் முதலில் பொருளைத் தேடுங்கள். வயிறு, இதயம், நடு என்று வந்தால் எழுத்துக்கணக்கைக் கவனிக்க வேண்டும். கழுதைக்கு மூன்றெழுத்து, ஆகவே நடு ஒன்றுதான். மாத்திரைக்கு நான்கெழுத்து, அதன் வயிறு ‘த்தி’ என்று இரண்டெழுத்தாக வரும்.

‘கால்’ ஒரு தனிப் பிராணி. கடைசி எழுத்தாகலாம். நாலில் ஒரு பங்காகலாம், அதனால் ‘வ’ ஆகலாம். காற்று என்றும் அர்த்தம் உண்டு. போதாக்குறைக்கு எழுத்துக்குப் பக்கத்தில் போடும் துணைக்காலும் அதுதான்.

மலைக்குக் கால் முளைத்தால் சாயும் பொழுது (2)

ம என்ற எழுத்துக்குக் கால் போட்டால் மா. மாலை. சித்திரகவியில் இதற்கு நேரான வித்தையை மாத்திரை வருத்தனம் என்பார்கள், குறிலை நெடிலாக்குவது. எழுத்துக்குள்ளே கைவைக்கக்கூடாது, கட்டத்தில் முழு எழுத்துத்தான் அலகு என்று கண்டிப்பாக இருப்பவர்களும் உண்டு. கால், கொம்பு, புள்ளி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அனுமதிக்கலாம் என்பது என் கட்சி.

இதே குறிப்பில் ‘பொழுது சாயும்’ என்று முடித்திருந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ‘பொழுது சாயும்’ ஒரு வாக்கியம்; மாலை ஒரு பெயர்ச்சொல். ‘சாயும் பொழுது’ என்றால் அதுவும் பெயர், மாலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கலாம். பொருள் பாதி விடையின் இடத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். இரண்டு சொல்லை இடம் மாற்றியதால் கெட்ட குறிப்பு நல்லதாகிவிட்டது.

ஓரெழுத்துச் சொற்கள் தமிழ்ப் புதிருக்குப் பெரிய சொத்து. ஆங்கிலத்தில் திசை, வேதியியல் குறியீடு, ரோமன் எண் என்று சுருக்கங்களைத் தேடி அலைய வேண்டும். நமக்கு நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்குக் காட்டியிருக்கிறது. அரசன் என்றால் கோ, அம்பு என்றால் ஏ, சோலை என்றால் கா, நாக்கு என்றால் நா, பாட்டு என்றால் பா, தலைவன் என்றால் ஐ, எருது என்றால் சே, பூமி என்றால் கூ. ‘மா’ மட்டும் மரம், குதிரை, திருமகள், பெரிய, இடியப்பத்துக்குப் பிசைவது என்று ஐந்தாறு வேடம் போடும். எண்களும் உண்டு: ஒன்று க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, பத்து ய.

குதிரையின் தலை ஒன்றானால் அமரும் ஆசனம் (3)

கு போய் க வந்தால் கதிரை. இங்கே இன்னொரு சிக்கலும் எட்டிப் பார்க்கிறது. சென்னையில் இருந்து தீர்ப்பவருக்குக் கதிரை உடனே வராது, அவருக்கு அது நாற்காலி. கொழும்பில் இருந்து இணையத்தில் இந்தியப் புதிர்களைத் தீர்க்கும்போது நமக்கும் இதே கதைதான். ‘எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே நாள்’ என்று மூன்றெழுத்துக் குறிப்பு போட்டால் இங்கே திகதி என்று சட்டென விழும். தேதி என்று எழுதிப் பழகியவர் தலையைச் சொறிவார். ‘ராதா திரும்பினால் குளத்தில் நீந்துவது (2)’ என்றால் நமக்குத் தாரா. வாத்து என்று மட்டும் தெரிந்தவருக்கு ராதா திரும்பியும் பயனில்லை. இரவல் சொற்களில் இன்னும் மோசம். நாம் ஒக்டோபர், அவர்கள் அக்டோபர். நாம் பொலிஸ், அவர்கள் போலீஸ். நாம் டொக்டர், அவர்கள் டாக்டர். முதல் எழுத்தே மாறிப்போனால் அந்த எழுத்தைக் கடக்கும் சொல்லும் சேர்ந்து கெடும். யார் போட்ட புதிர் என்று பார்த்துவிட்டு, இரவல் சொல்லைக் கடைசிவரை பென்சிலில் வைத்திருங்கள்.

அரை மாத்திரையும் விலங்கும் சேர்ந்த மத்திய மாகாண நகர் (4)

இலக்கணம் படித்தவர் இங்கே வழுக்குவார். அரை மாத்திரை என்றால் மெய்யெழுத்தின் அளவு என்று மனம் ஓடும், விலங்கு என்றால் யானையும் கரடியும் வரும். இரண்டும் பொறி. ‘மாத்திரை’ என்ற சொல்லில் பாதி ‘மாத்’. விலங்கு காட்டில் திரிவதல்ல, கையில் மாட்டுவது, தளை. மாத்தளை.

இதே ஊருக்கு ‘மாவும் தளையும்’ என்று குறிப்புப் போட்டால் என்ன பிழை? மா, தளை சேர்த்தால் கிடைப்பது மாதளை. நடுவில் ‘த்’ எங்கிருந்தும் வரவில்லை. பேசும்போது சந்தி தானாக வந்துவிடும், கட்டத்துக்குள் தானாக வராது. தமிழில் கிரிப்டிக் குறிப்பு எழுதத் தொடங்கும் பலர் விழும் குழி இது. ஒற்றெழுத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். தீர்ப்பவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கூட்டிப் பார்த்தால் ஒரு எழுத்துக் குறைகிறது, அந்தக் குறை க், ச், த், ப் என்ற ஒற்று என்றால், உங்கள் விடை சரி, குறிப்புத்தான் ஓட்டை என்று எடுத்துக்கொண்டு நகரலாம்.

வேற்றுமை உருபு இன்னொரு குழி. ‘தகரத்தை’ என்று எழுதிவிட்டு அதில் தகரம் இருக்கிறது என்று சொல்ல முடியாது, ம் காணாமல் போய்விட்டது. ‘வீட்டில்’ என்பதில் வீடு இல்லை, ‘ஆற்றில்’ என்பதில் ஆறு இல்லை. கலைக்கவோ ஒளிக்கவோ பயன்படும் சொல் அப்படியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘கொம்புக்குள்’ பரவாயில்லை, கொம்பு முழுசாக இருக்கிறது. பொருளாக மட்டும் பயன்படும் சொல்லுக்கு எந்த உருபும் வரலாம். ‘பசுவோடு’ என்று இருப்பதால் ஆ என்ற எழுத்துக்கு ஒரு கேடும் இல்லை.

அதைவிடப் பெரிய அநியாயம், கலைக்க வேண்டிய சொல்லையே சொல்லாமல் விடுவது. ‘பட்டணம் குழம்பினால் பாவிகள் போகும் இடம்’ என்று போட்டால், பட்டணத்துக்கு நகரம் என்று ஊகித்து, பிறகு அதையும் கலைக்க வேண்டும். ஊகத்துக்கு மேல் ஊகம். இதைப் போடுபவருடைய அடுத்த புதிரை நான் திறப்பதில்லை.

ஒளித்து வைக்கும் குறிப்பைக் கண்டுபிடிப்பது இலேசு, ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதாலேயே தப்பிவிடும்.

அம்மா தவித்தாள், உள்ளே புகாரில் ஆடியவள் (3)

‘அம்மா தவித்தாள்’ என்பதை இடைவெளி இல்லாமல் எழுதிப் பாருங்கள். மா, த, வி அடுத்தடுத்து நிற்கின்றன. மாதவி. புகார் என்றால் காவிரிப்பூம்பட்டினம். கொழும்பில் நாம் முறைப்பாடு என்று சொல்வதால் அந்தப் பொறி நம்மிடம் அவ்வளவு பலிக்காது. ‘உள்ளே’, ‘மறைந்து’, ‘கொஞ்சம்’, ‘ஒரு பகுதி’ என்று வந்தால் சொற்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடங்களைத் தாண்டி வாசிக்க வேண்டும். நல்ல ஒளிப்பில் விடை இரண்டு சொல்லிலாவது கால் பதித்திருக்கும்.

இரட்டைப் பொருள் குறிப்பில் எழுத்துப் பாதியே கிடையாது, இரண்டும் பொருள்தான். ‘ஒன்றும் மிச்சமில்லாத தென் மாகாண நகர் (2)’ என்றால் காலி. ‘களனி போல மூவிரண்டு (2)’ என்றால் ஆறு. களனி என்பது ஆற்றுக்கு ஓர் உதாரணம் மட்டும், அதனால்தான் ‘போல’. சைகைச் சொல்லே தென்படாத, மூன்று நான்கு சொல்லில் முடிகிற சின்னக் குறிப்பு என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் பாடிய காளமேகத்தின் சிலேடை ருசித்தவர்களுக்கு இது கைவந்த கலையாகத்தான் இருக்கும். சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. இந்த வகைக்கு அதைவிட நல்ல கைநூல் இல்லை. பொருளைச் சரிபார்க்க சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. நமது பக்கத்துப் பழஞ்சொற்களுக்கு 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியையும் புரட்டலாம்.

ஒலி வைத்துப் போடும் குறிப்புகளில் சண்டை நிச்சயம். ‘கொல்லனின் கருவி காதில் விழ, வள்ளுவர் முதலில் பாடியது (3)’ என்றால் அரம் என்று கேட்டு அறம் என்று எழுத வேண்டும். ‘எனக்கு ரவும் றவும் வேறாகத்தான் கேட்கும்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வளி, வழி, வலி மூன்றையும் ஒன்றாக உச்சரிப்பவர் உண்டு, பிரித்து உச்சரிப்பவரும் உண்டு. ‘காதில்’, ‘சத்தம்’, ‘வானொலியில்’ என்று சைகை வந்தால் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த எழுத்து கட்டத்துக்குள் போகும் என்பதைப் பொருள் பாதிதான் தீர்மானிக்கும்.

இனிக் கட்டத்துக்கு வருவோம்.

வெள்ளம் முடியுமுன் அரை வத்தலோடு தை பிறக்கும் கொழும்பு 6 (6)

‘வெள்ளம்’ முடிவதற்கு முன் நின்றால் ‘வெள்ள’. ‘வத்தல்’ பாதி ‘வத்’. பிறகு தை. வெள்ளவத்தை. இதை இடமிருந்து வலமாக எழுதுங்கள்: வெ, ள், ள, வ, த், தை. ஐந்தாவது கட்டத்தில் த் இருக்கிறது. அந்தக் கட்டத்தை இரண்டாவது எழுத்தாகக் கொண்டு மேலிருந்து கீழாக ஒரு நான்கெழுத்துச் சொல் போகிறது என்று வையுங்கள். அதன் குறிப்பை வாசிக்காமலே சில விஷயம் தெரியும். இரண்டாவது எழுத்து த். ஆகவே மூன்றாவது எழுத்து த வரிசையில் ஒன்று. பத்மா, உத்வேகம் மாதிரி வடசொல் வந்தால் மட்டும் விலக்கு. குறிப்பு மத்திய மாகாண நகர் என்கிறது, மாத்தளை உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் கடக்கும் எழுத்து 26இல் ஒன்று. தமிழில் 247இல் ஒன்று, அதுவும் புள்ளி வைத்த எழுத்தென்றால் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதனால் முதலில் மெய்யெழுத்துக் கட்டங்களைக் குறிவைப்பது நல்லது.

புதிர் போடுபவருக்கு இதே 247 தலையிடி. அத்தனை எழுத்தில் இரண்டு சொல் ஒரே எழுத்தில் சந்திப்பது அரிது. பத்திரிகைப் போட்டிகளில் அடைப்புக்குள் ‘குழம்பியுள்ளது’ என்றும், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் பார்க்கிறோமே, அது கட்டம் இறுகும்போது கண்டுபிடித்த பின்கதவு என்றே நினைக்கிறேன். கிரிப்டிக்கில் குழப்பம் குறிப்புக்குள் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் விடை நேராக நிற்க வேண்டும்.

அடைப்பிலுள்ள எண் கட்டங்களின் எண்ணிக்கை. புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம், ஸ்ரீ என்றால் ஒரே கட்டம். கணினியில் புதிர் தயாரிப்பவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவார்கள். யூனிகோடு கணக்கில் கொழும்பு எட்டுக் குறிகள், ஏனென்றால் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒன்றாகவும், புள்ளியும் உகரச் சுழியும் தனித்தனியாகவும் எண்ணப்படுகின்றன. (8) என்று போட்ட குறிப்பு எவ்வளவு முயன்றும் அவிழாவிட்டால், உங்கள் விடையை அப்படி ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

விடை கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, இது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். கழுதைக் குறிப்பில் கொம்பு எழுத்துத் தந்தது, ‘உள்’ செருகச் சொன்னது, கழுதை வயிறு ழு தந்தது, சிக்கிய இணைத்தது, மீதி பொருள். வேலையில்லாமல் ஒரு சொல் சும்மா நின்றால் பெரும்பாலும் விடை பிழை. பொருள் மட்டும் பொருந்துகிறது, எழுத்துப் பாதி விளங்கவில்லை என்றால் பேனாவால் எழுதாதீர்கள்.

கீழே நான்கு. விடை போடவில்லை.

சிவா திரும்பியதும் படி (2)

விடுகதை அவிழ ஒரு விநாடி (2)

அப்பா டல்லாக, உள்ளே ஒரு கீதம் (3)

செல்வம், முடிவில்லாத கோணல், குன்று சேர்ந்த கிழக்குத் துறைமுகம் (6)

இரண்டாவதற்கு யாழ்ப்பாணத்து ஆச்சிமார் சொல்லும் சொல் வேண்டும். மூன்றாவதில் ‘டல்’ என்று ஒரு இரவல் சொல் ஏன் அங்கே வந்து குந்தியிருக்கிறது என்று யோசியுங்கள்.